அருவருப்பு என்னும் சொல்

நாம் மாரமங்கலத்திற்கு முதன்முதலாகச் சென்றது காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து சுற்றிச் செல்லும் சாலை. இருமருங்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகள், நிழலில் பழம் சிவந்து நின்ற காப்பிச் செடிகள். பங்கின் வின்சென்ட் தெ பவுல் சபை நண்பர்கள் நால்வருடன் சென்றிருந்தோம். கையில் குளிருக்குப் போர்வைகள். அவற்றோடு தொழுநோய் பற்றிய விளக்கத் துண்டறிக்கைகள். நோயின் முதல் அறிகுறி எது, மருந்து எங்கே இலவசமாகக் கிடைக்கும், மருந்து உண்டவரிடமிருந்து நோய் தொற்றாது என்பன அவ்வறிக்கையின் செய்திகள். அதனை எழுதிக் கொடுத்தவரே நாம்தாம் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரின் ஓரத்தில் ஒரு வீடு. சாணம் மெழுகிய திண்ணை. எழுபது வயதிருக்கும் பாட்டி ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே போய் அடுப்பை ஊதினார். சற்று நேரத்தில் வெல்லம் போட்ட வரக்காப்பியோடு எவர்சில்வர் தம்ளர் எம் முகத்துக்கு நேரே நீண்டது. அதைப் பிடித்திருந்த விரல்கள் மடங்கிக் குறுகியிருந்தன. இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன.

“குடிங்க சாமி. நான் மருந்து தின்னு முடிச்சு ரொம்ப வருசம் ஆச்சு” என்றார்.

“வேண்டாம் பாட்டி. இப்பத்தான் குடிச்சோம்” என்றோம்.

அது பொய். காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. பாட்டி வற்புறுத்தவில்லை. தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, மகள் வாழ்க்கைப்பட்ட ஊரைப் பற்றியும், அந்த ஆண்டு மிளகு காய்ப்பு குறைந்தது பற்றியும் பேசினார். விடைபெற்றுக்கொண்டு நான்கு வீடுகள் தள்ளிப் போனபோது, அங்கே ஒருவர் அன்போடு காப்பி கொடுத்தார். நாம் வாங்கிக் குடித்தோம். பாதி குடித்திருப்போம், தலையில் விறகுச் சுமையோடு அந்தப் பாட்டி அவ்வழியே வந்தார். நின்றார். எம் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார்.

“காப்பி நல்லா இருக்குதா சாமி?” என்று கேட்டார்.

கேலி இல்லை, கோபம் இல்லை, விருந்தினரிடம் கேட்கும் சாதாரணக் கேள்வி. நம்மால் விடை சொல்ல முடியவில்லை. அவர் போய்விட்டார். மலையிறங்கி வீடு வந்த பிறகும் அக்கேள்வி நம்மை விட்டு இறங்கவில்லை.

அன்று எம் வயிற்றில் எழுந்து வந்தது என்ன? அச்சம் அன்று; அந்தக் கையால் நமக்கு நோய் வராது என்பதை நாமே அச்சிட்டுக் கொடுத்திருந்தோம். வெறுப்பும் அன்று, அந்த முதியவரை வெறுக்க நமக்கு என்ன இருக்கிறது? அதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு. அருவருப்பு. அச்சொல்லைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும் என்று அன்றிரவே தோன்றியது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், ‘அருவருத்தல்’ என்னும் வினை கிடைக்கும். ‘வெறு’ என்பது ‘வெறுப்பு’ ஆனதுபோல, ‘அருவரு’ என்பது ‘அருவருப்பு’ ஆயிற்று. இந்த இலக்கணச் செய்தி சிறியதுதான். எனினும் ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. ‘அவன் அதனை அருவருத்தான்’ என்னும்போது எழுவாய் அவன். செயல் அவனுடையது. ஆனால் நாம் பேச்சில் வினையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொள்கிறோம். ‘அது அருவருப்பானது’ என்கிறோம். எழுவாய் மாறிவிட்டது. நம்முள் நிகழ்ந்த செயல் எதிரில் இருப்பதன் குணம் ஆகிவிட்டது. பாட்டியின் கையில் அருவருப்பு இல்லை, அருவருத்தவர் நாம்.

இந்த உணர்வின் பிறப்பிடம் வாய். அதற்கும் தமிழே சான்று. ‘உவர்த்தல்’ என்றால் உப்புக் கரித்தல்; வெறுத்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘கைத்தல்’ கசத்தலையும் குறிக்கும், வெறுத்தலையும் குறிக்கும். பழகிச் சலித்ததைப் ‘புளித்துப் போயிற்று’ என்கிறோம். மிகுதியாக உண்டது தெவிட்டுகிறது, ஒவ்வாதது குமட்டுகிறது. நாவின் சுவைச் சொற்களே மனத்தின் விலகலுக்கும் பெயராயின. ஆங்கிலத்தில் இவ்வுணர்வைக் குறிக்கும் ‘டிஸ்கஸ்ட்’ என்னும் சொல்லின் உள்ளேயும், சுவையைக் குறிக்கும் ‘குஸ்துஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இருக்கிறது. அழுகியதையும் நஞ்சையும் விழுங்கிவிடாதபடி இறைவன் நம் வாயிலில் நிறுத்திய காவலாளி இது. கெட்டுப்போன மீனை மோந்ததும் முகம் சுளிப்பது குற்றமன்று. அது நம்மைக் காக்கிறது.

ஆனால் இந்தக் காவலாளி இருந்த இடத்திலேயே நிற்கவில்லை. உணவைப் பார்த்துச் சுளித்த முகம் ஆளைப் பார்த்தும் சுளிக்கத் தொடங்கிற்று. ‘சீ’ என்னும் ஓரெழுத்துச் சொல்லுக்குச் சீழ் என்றும் பொருள். அதுவே பிறரை இகழும் ஒலியும் ஆகும். ‘தூ’ என்றால் தூய்மை. காறித் துப்பும் ஒலியும் ‘தூ’தான். இவை ஒரே வேரில் பிறந்தவை என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் தன்னைத் தூயவன் என்று எண்ணுபவன் அடுத்தவன்மீது துப்புவது உலகில் எத்துணை எளிதாக நடக்கிறது என்பதை அவ்வெழுத்து நினைவூட்டாமல் இல்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று இளிவரல். இழிவு தோன்றும்போது உடலிலும் உள்ளத்திலும் எழும் உணர்வு அது. அது பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களை அவர் சொல்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. இந்த நான்கையும் படித்தபோது நாம் திடுக்கிட்டோம். முதுமை, நோய், துன்பம், எளிமை. இவை நான்கும் மாரமங்கலத் திண்ணையில் ஒருங்கே அமர்ந்திருந்தன. உரையாசிரியர்கள் மேலும் ஒன்று சொல்வர். இவ்வுணர்வு பிறரிடம் கண்டும் தோன்றும். தன்னிடம் கண்டும் தோன்றும். அதாவது, முதுமையும் நோயும் அடுத்த வீட்டோடு நின்றுவிடுவன அல்ல. இன்று பிறர் கையைக் கண்டு விலகுகிறவர் நாளை தம் கையைத் தாமே மறைத்துக்கொள்ள நேரும்.

சார்லஸ் டார்வின் 1872-இல் வெளியிட்ட, உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில், தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியில் தமக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். அவர் பதப்படுத்திய குளிர்ந்த இறைச்சியை உண்டுகொண்டிருந்தார். அவ்வூர்ப் பழங்குடி மனிதர் ஒருவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மென்மையைக் கண்டு அருவருத்தார். டார்வினோ, அவர் கை அழுக்காகத் தெரியவில்லை எனினும், அவர் தொட்டதனாலேயே தம் உணவை அருவருத்தார். முன்னவர் அருவருத்தது உணவை. கற்றறிந்தவர் அருவருத்தது மனிதரை. அழுக்கு இல்லாத கையிலும் அழுக்கைக் காணும் கண் நமக்குப் பிறவியில் வந்ததன்று. கைக்குழந்தையைப் பாருங்கள், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும், யார் கை நீட்டினாலும் தாவும். எதை, யாரை அருவருக்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பவர்கள் நாம்.

திருவிவிலியத்தில் இச்சொல் முதலில் எங்கே வருகிறது என்று தேடினோம். அருவருப்பு என்ற பொருள்தரும் எபிரேயச் சொல் ‘தோஏவா’. சிலைவழிபாட்டைக் கண்டிக்கும் இடத்தில்தான் முதலில் வரும் என்று எண்ணியிருந்தோம். அப்படி இல்லை. அது முதலில் வருவது ஒரு பந்தியில்! தொடக்க நூல் 43-ஆம் அதிகாரம். எகிப்தின் ஆளுநராக இருக்கும் யோசேப்பு, தம்மை அடையாளம் காணாத சகோதரர்களுக்கு விருந்தளிக்கிறார். அவருக்குத் தனியே பரிமாறுகிறார்கள், சகோதரர்களுக்குத் தனியே, எகிப்தியருக்குத் தனியே. எபிரேயரோடு சேர்ந்து உண்பது எகிப்தியருக்கு அருவருப்பு. மூன்று அதிகாரங்கள் கழித்து மீண்டும் அதே சொல் வருகிறது. ஆடு மேய்ப்பவர்கள் எகிப்தியருக்கு அருவருப்பு. இறைவன் தேர்ந்துகொண்ட மக்கள், இச்சொல்லோடு அறிமுகமாகும்போது அருவருப்பவர்களாக அல்ல, அருவருக்கப்படுபவர்களாகவே அறிமுகமாகிறார்கள். பிற்காலத்தில் ஆண்டவர் தம்மை ஆயன் என்று அழைத்துக்கொண்டார். எகிப்து எந்தத் தொழிலைக் கண்டு முகம் சுளித்ததோ அந்தத் தொழிலின் பெயர் அது.

சரி, இறைவனுக்கு அருவருப்பானவை எவை? நீதிமொழிகள் நூலின் ஆறாம் அதிகாரம் ஏழினை எண்ணிச் சொல்கிறது. செருக்குள்ள பார்வை, பொய் பேசும் நாவு, குற்றமற்றோர் இரத்தத்தைச் சிந்தும் கை என்று தொடங்கி, உடன்பிறந்தோரிடையே சண்டை மூட்டுபவரில் முடிகிறது. அப்பட்டியலில் கண் உண்டு, நாவு உண்டு, கை உண்டு, கால் உண்டு. ஆனால் குறைந்த விரலோ, புண்ணோ, தோலின் நிறமோ, பிறந்த குலமோ இல்லை. ‘இப்பத்தான் குடிச்சோம்’ என்ற பொய் நாவு அந்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

அருவருப்புக்கு அண்டை வீட்டுச் சொல் ஒன்று தமிழில் உண்டு. அது தீட்டு. மாற்கு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் அழிவுக்கு அடையாளமாக ஆண்டவர் குறிப்பிடும் ஒன்றைப் பழைய மொழிபெயர்ப்பு அருவருப்பு என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு தீட்டு என்கிறது. மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் குமட்டலைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. தமிழில் அது தீட்டு ஆயிற்று. தீட்டு என்பதன் வேர் ‘தீண்டு’. தீண்டுதல் என்றால் தொடுதல், வேறொன்றுமில்லை. தொடுதல் என்ற நல்ல சொல்லிலிருந்து தூய்மைக்கேடு என்ற பொருளை நம் சமூகம் பிழிந்தெடுத்தது. பின்னர் அதிலிருந்தே ‘தீண்டாமை’ என்னும் கொடுமையையும் உண்டாக்கிற்று. வாயில் பிறந்த அருவருப்பு, கைக்கு இறங்கியபோது தீட்டு ஆயிற்று. தெருவுக்கு இறங்கியபோது தீண்டாமை ஆயிற்று.

லேவியர் நூல் 13-ஆம் அதிகாரத்தின்படி தொழுநோயாளர் ஊருக்கு வெளியே தனித்து வாழவேண்டும். தாம் தீட்டுள்ளவர் என்று தம் வாயாலேயே கூவவேண்டும். அங்கே சொல்லப்படுவது இன்று மருத்துவர் தொழுநோய் என்று அழைப்பதோடு முற்றும் பொருந்துவதன்று. துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும் அதே சொல்லால்தான் அந்நூல் குறிக்கிறது. ஆனால் விலக்கப்பட்ட மனிதரின் வேதனை ஒன்றே. அப்படிப்பட்ட ஒருவர் இயேசுவின்முன் முழந்தாளிடுகிறார். மாற்கு முதல் அதிகாரத்தில் எழுதியதை ஊன்றிப் படிக்க வேண்டும். இயேசு முதலில் குணமாக்கிவிட்டுப் பின்பு தொடவில்லை. முதலில் கையை நீட்டித் தொட்டார். பிறகே சொல் பிறந்தது. தொடாமலே, சொல் ஒன்றினால் குணமாக்க வல்லவர்தாம் அவர். எனினும் தொட்டார். தீண்டுதல் தீட்டாக மாறியதை மீண்டும் தீண்டுதலாக மாற்றினார்.

அங்கே இயேசு இரக்கம் கொண்டார் என்பதற்கு மாற்கு ஆளும் கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குடல் புரண்டது என்பதே அதன் அடிப்பொருள். அருவருப்பில் புரள்வதும் குடல்தான். இரக்கத்தில் புரள்வதும் குடல்தான். ‘பெற்ற வயிறு’ என்றும் ‘வயிறு பற்றி எரிகிறது’ என்றும் பேசும் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே காட்சியைக் கண்டு ஒரே வயிறு இருவகையாகப் புரளும். ஒன்று நம்மைப் பின்னுக்கு இழுக்கும். மற்றொன்று கையை நீட்டச் செய்யும். அந்நிகழ்ச்சியின் முடிவையும் நாம் கவனிப்பதில்லை. குணமானவர் ஊருக்குள் சென்று எங்கும் அறிவித்தார். இயேசுவோ அதன்பின் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே தனிமையான இடங்களில் தங்கினார். விலக்கப்பட்டவருடைய இடத்தை அவர் எடுத்துக்கொண்டார். எசாயா நூலின் துன்புறும் ஊழியரைக் கண்டு மக்கள் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ், அவரைத் தொழுநோயாளர்போல் கருதினோம் என்று பொருள்படவே எழுதினார்.

இதையெல்லாம் ஞாயிறுதோறும் கேட்கும் நாம் என்ன செய்தோம்? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தை நம் திருச்சபை வரலாறு மறக்க முடியாது. சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்வதற்கென்றே இரண்டு நடுக்கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து கூடும்படி அது கட்டப்பட்டது. திருப்பலி ஒன்று; கால்சட்டையின் இரு கால்கள்போல் மக்கள் இரண்டு. 1910-இல் அந்தப் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. கல்லாலான சுவரை இடிக்க 38 ஆண்டுகள் ஆயின. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பிரித்துப் புதைக்கும் ஊர்கள் நம்மிடையே இல்லையா? இறந்த உடலிலும் தீட்டுப் பார்க்கும் நாம், உடலின் உயிர்ப்பை நம்புவதாக அறிக்கையிடுகிறோம்.

அறிவு வளர்ந்தால் அருவருப்பு தானே அகலும் என்பர் சிலர். சேர்வராயன் மலைக்குத் தெற்கே நிற்கும் கொல்லிமலையில், மறைப்பணியாளர் குடும்பத்தில், 1914-இல் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்டு. தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை. உணர்ச்சி நரம்புகள் கெட்டு வலி தெரியாமற்போவதால், சூடுபட்டும் வெட்டுப்பட்டும் புண்ணாகியே அவை குறைகின்றன என்பதை வேலூரில் பணியாற்றியபோது உலகுக்கு உணர்த்தியவர் அவர். மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியும் காட்டினார். ஆகவே அந்தப் பாட்டியின் குறைந்த விரல்கள் அழுகலின் அடையாளம் அல்ல, அடுப்பங்கரையின் அடையாளம். சூடு தெரியாமலே கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கித் தூக்கி, யார் யாருக்கோ ஆக்கிப் போட்ட விரல்கள் அவை. 1980-களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டால் நோய் நீங்கும். தொழுநோயாளரைப் பிரித்து அடைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. இந்நோயைக் காரணம் காட்டி மணமுறிவு கோர இடந்தந்த பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டன. மருத்துவம் தன் பங்கைச் செய்தது. சட்டமும் காலந்தாழ்த்தியேனும் செய்தது. இவற்றுள் மருந்தைப் பற்றி அறிந்திருந்தும் அன்று நாம் பொய் சொன்னோம். அறிவு தலையில் இருக்கிறது. அருவருப்பு வயிற்றில் இருக்கிறது. தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வழி, கை வழியாகவும் வாய் வழியாகவும்தான் இருக்கிறது போலும்.

அசிசியார் புனித பிரான்சிஸ் 1226-இல், தம் இறுதி நாள்களில் எழுதுவித்த சாசனத்தை இந்த நினைவோடுதான் தொடங்குகிறார். இளமையில் தொழுநோயாளரைக் காண்பதே தமக்குக் கசப்பாக இருந்தது என்றும், ஆண்டவர் தம்மை அவர்களிடையே நடத்திச் சென்றபின் அக்கசப்பே இனிப்பாக மாறியது என்றும் சொல்கிறார். கசப்பு, இனிப்பு, மீண்டும் நாவின் சொற்கள். அவர் முதலில் அருவருப்பை வென்றுவிட்டுப் பின்பு அவர்களிடம் போகவில்லை. போனார், பழகினார், சுவை மாறிற்று.

அடுத்த ஆண்டு அதே பருவத்தில் நாம் மறுபடியும் மாரமங்கலம் சென்றோம். இம்முறை துண்டறிக்கை கொண்டுபோகவில்லை. பாட்டி திண்ணையில் காப்பிப் பழம் உலர்த்திக்கொண்டிருந்தார். நம்மை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். காப்பி தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அதுவே நமக்கு உறுத்திற்று.

“பாட்டி, ஒரு தம்ளர் காப்பி வேணும்” என்றோம்.

ஒரு கணம் நம் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். அடுப்பு ஊதும் ஓசை கேட்டது. தம்ளர் வந்தது, அதே விரல்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: வயிறு அன்றும் சற்றே புரண்டது. புனித பிரான்சிசுக்குக் கிடைத்த இனிமை நமக்கு உடனே கிடைத்துவிடவில்லை. தம்ளரை வாங்கும்போது அந்தக் கை நம் கைமேல் பட்டது. சூடாக இருந்தது. குடித்தோம்.

“நல்லா இருக்குதா சாமி?” என்று கேட்டார்.

“வெல்லம் கொஞ்சம் அதிகம், பாட்டி.”

பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். “அது போன வருசத்து வெல்லமுஞ் சேத்துங்க சாமி” என்றார்.